கௌதாரிக்கு எந்தப் பயிர்?

பயிரிடுவோர் பல நோக்கங்களுடன் பயிரிடுகின்றனர். உண்பதற்கு நெல்லும் கோதுமையும், உடுப்பதற்குப் பருத்தி, மாட்டுக்குத் தீவனப்புல் என்று நாம் அறிந்தவை பல. இங்கிலாந்தின் பண்ணைகளில் இவை எவற்றிலும் சேராத ஒரு பயிர் உண்டு. மே, ஜூன் மாதங்களில் அதனை விதைப்பார்கள், அறுவடை செய்யமாட்டார்கள். குளிர்காலம் முழுவதும் அது வயலிலேயே நிற்கும். வேட்டைப் பறவைகள் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடாமல் தங்கியிருக்க வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்படும் அதனை 'மறைவுப் பயிர்' என்று நாம் அழைக்கலாம். நம் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மீது நின்று கிளிகளை ஓட்டினார்கள். இவர்களோ தினை வகைகளை விதைத்துப் பறவைகளை வருக வருக என்று அழைக்கிறார்கள்!

வேட்டையில் எனக்கு நாட்டம் இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை விளையாட்டுக்கு இடம் வைக்கவும் இல்லை. அங்ஙனமிருக்க, இப்பொருளைப் பற்றி நான் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். தாவரவியல் பயிலும் எனக்கு, ஒரு செடி ஒரு பறவைக்கு எவ்வாறு வீடாகிறது என்னும் கேள்வி பெரிதாகப் படுகிறது. அக்கேள்விக்கு வேட்டைப் பண்ணைகள் தெளிவான விடை தருகின்றன. அவ்விடையில் ஒரு பறவை இனத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

முதலில் பறவைகளை அறிந்துகொள்வோம். அங்கே வேட்டையாடப்படுபவற்றுள் முதன்மையானது ஃபெஸன்ட். கோழியும் மயிலும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த அழகிய பறவை. ஆசியாவிலிருந்து அங்கே குடியேறியது. இரண்டாவது செங்கால் கௌதாரி. பிரான்சிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. மூன்றாவது சாம்பல் கௌதாரி; அம்மண்ணுக்கே உரியது. முதல் இரண்டையும் பண்ணைகளில் பொரித்து வளர்த்து, ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கோடையில் வெளியே விடுகிறார்கள். கௌதாரி வேட்டை செப்டம்பர் முதல் தேதியிலும், ஃபெஸன்ட் வேட்டை அக்டோபர் முதல் தேதியிலும் தொடங்கும். இரண்டும் பிப்ரவரி முதல் தேதியோடு முடிவடையும். வேட்டை நாளில், தடியும் கொடியும் ஏந்தியவர்கள் வரிசையாகப் பயிருக்குள் நடந்து பறவைகளை எழுப்புவார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் எதிரே காத்து நிற்பார்கள்.

கூண்டில் வளர்ந்த பறவை, வெளியே விட்டபின் அந்த இடத்திலேயே தங்குமா? வெறும் வயலில் தங்காது. அதற்கு நான்கு வசதிகள் வேண்டும். ஒன்று, பருந்தின் கண்ணுக்குப் படாதபடி தலைக்கு மேல் கூரை. இரண்டு, வாடைக்காற்றைத் தடுக்கும் சுவர். மூன்று, ஓடியாடுவதற்கு அடியில் உலர்ந்த, திறந்த தரை. இப்பறவைகள் பறப்பதைவிட ஓடுவதையே விரும்புவதால், அடிப்புறம் புல் மண்டிக்கிடந்தால் உள்ளே நுழையமாட்டா. நான்கு, கொத்தித் தின்னத் தானியம். இந்நான்கையும் ஒருங்கே தரும் செடி எது?

மக்காச்சோளம் முதலில் நினைவுக்கு வரும். உயரமானது, காற்றைத் தாங்குவது, அடித்தரை திறந்தது, கதிரும் உண்டு. ஆனால் அதற்கு உரம் மிகுதியாக வேண்டும், ஓராண்டில் முடிந்துவிடும், கதிரைத் தேடி எலிகளும் வரும். நம் சோளத்தின் குட்டை வகைகளையும் அங்கே விதைப்பதுண்டு. அந்நாட்டு வெயில் போதாமையால் அவை மணி பிடிப்பது குறைவு. எனினும் தண்டு நின்று மறைவு தரும். பனிவரகு போன்ற சிறுதானியங்களை அதனோடு கலந்தால் உணவுக் குறையும் தீரும்.

கேல் என்பது முட்டைக்கோஸின் உறவுக்காரச் செடி. அகன்ற இலைகளை உடையது. உறைபனியைத் தாங்கி நிற்பது அதன் சிறப்பு. முதலாண்டில் இலைக் கூரை தரும். மறு ஆண்டில் பூத்து விதை தரும். அதற்குள் அடி இலைகள் உதிர்ந்து கதகதப்புக் குறைந்துவிடும். ஆகவே நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாதியில் புதிதாக விதைக்கிறார்கள். மழை நாளில் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதே இதன் குறை. நனைந்த வீட்டில் பறவையும் தங்க விரும்புவதில்லை.

கீன்வா ஆண்டீஸ் மலைநாட்டுத் தானியம். விதை ஏராளம், ஆயினும் குளிர் முற்றுவதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எனவே கேலோடு கலந்து விதைப்பது வழக்கம். கீன்வா உணவு தர, கேல் கூரை தரும். இவ்வட நாட்டில் மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போலப் பூக்கும் கடுகை நாம் அறிவோம். அதன் உறவான வெண்கடுகை அங்கே விதைத்தால் விரைவில் வளரும். ஆனால் கடும் உறைபனி விழுந்தால் மடிந்துவிடும். ஆகவே அதனை நவம்பருக்கு நம்பலாம். ஜனவரிக்கு நம்ப முடியாது.

தனியொரு பயிர் நான்கு வசதிகளையும் குளிர்காலம் முழுவதும் தருவதில்லை என்பது இதுவரை கூறியவற்றால் விளங்கும். அதனால்தான் கலந்து விதைக்கிறார்கள். பறவைக்கேற்பவும் தேர்வு மாறும். ஃபெஸன்ட் உயர்ந்த பயிரை நாடும். கௌதாரிகளுக்குத் தாழ்ந்த, இடைவெளியுள்ள பயிர் போதும். இடமும் முக்கியம். பட்டை குறுகலாக இருந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். 20 மீட்டர் அகலமாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வெயில் படும் தெற்குச் சரிவு நல்லது. பண்ணையின் எல்லையை ஒட்டி விதைத்தால் பலன் பக்கத்துப் பண்ணைக்காரருக்கே போய்ச் சேரும்!

இதுவரை கண்டவை குளிர்காலத்துக்கும் வேட்டைக்காரர்க்கும் வேண்டிய விடைகள். சாம்பல் கௌதாரியின் கதை வேறு. தாய்ப்பறவை வேலியோரப் புல்லில் கூடு கட்டி, சராசரியாகப் 15 முட்டைகள் இடும். இவ்வளவு முட்டையிடும் இனம் பெருகியிருக்க வேண்டுமல்லவா? ஆனால் பிரிட்டனில் அதன் எண்ணிக்கை 1960களின் பிற்பகுதிக்குப் பின்னர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வேட்டை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. டிக் பாட்ஸ் என்னும் அறிவியலார் சஸெக்ஸ் மாவட்ட வயல்களில் 1968இல் தொடங்கிய ஆய்வு, முதன்மையான காரணம் ஒன்றைச் சுட்டியது. பொரித்து வெளிவந்த குஞ்சு முதல் இரண்டு வாரங்களில் தானியத்தால் வளராது. அதற்குப் பூச்சிகள் வேண்டும். பூச்சிகளோ தானிய வயலின் களைச்செடிகளில் வாழ்பவை. களைக்கொல்லி வந்தது, களை போயிற்று, களையோடு பூச்சி போயிற்று, பூச்சியோடு குஞ்சும் போயிற்று. தாய் அடை காத்து என்ன பயன்?

இங்கேதான் மறைவுப் பயிரின் எல்லை தெரிகிறது. ஜனவரியில் பறவையைத் தாங்கும் கேலும் மக்காச்சோளமும் ஜூனில் குஞ்சைக் காக்க வல்லன அல்ல. அப்பொழுது அவை முளைத்துக்கொண்டிருக்கும். குஞ்சுக்கு வேண்டியது மருந்து படாத வயல் ஓரம். 1980களில் தானிய வயல்களின் விளிம்பில் ஆறு மீட்டர் அளவுக்குக் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் பெரிதும் தெளிக்காமல் விட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் உயர்ந்தது. வயலின் நடுவே புல்வரப்புகள் அமைத்தால் வண்டுகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதையும் கண்டார்கள்.

இன்னொரு பருவத்தையும் மறந்துவிடக் கூடாது. பிப்ரவரி முதல் தேதியோடு வேட்டை முடியும். அத்துடன் பறவைக்குத் தீனி வைப்பதையும் நிறுத்தி, பயிரையும் உழுதுவிட்டால், அந்தப் பசி மாதங்களில் எஞ்சிய கௌதாரியும் சிட்டினங்களும் என்ன செய்யும்? புதிய இரை தோன்ற ஏப்ரல் தாண்ட வேண்டும். ஆகவே குளிர்காலம் கழியும் வரை பயிரை நிறுத்தி வைப்பவனே பறவைக்கு நண்பன்.

கோடிக்கணக்கான வளர்ப்புப் பறவைகளைச் சுடுவதற்கென்றே வெளியே விடுவது சரியா என்னும் வாதம் அந்நாட்டிலேயே வலுவாக நடக்கிறது. வேட்டை இல்லையெனில் இவ்வயல் ஓரங்களுக்குச் செலவு செய்பவர் யார் என்பது ஒரு தரப்பு. உயிரைக் காக்கத் துப்பாக்கியின் தயவு வேண்டுமா என்பது மறுதரப்பு. என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது. எனினும் வேட்டைக்காரர்களின் பணத்தில் நடந்த ஆய்வுகளும் கௌதாரிக் குஞ்சின் பசியை உலகுக்கு எடுத்துக்காட்டின என்பதை மறுப்பது நேர்மையாகாது.

நம் புன்செய்க் காடுகளிலும் கௌதாரி வாழ்கிறது; இவ்வட நாட்டு வயல்களிலும் வாழ்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் அதன் குரலைக் கேட்டால், அது நிற்கும் வரப்பை ஒரு முறை உற்றுப் பாருங்கள். அங்கே களை இருக்கிறதா, களையில் பூச்சி இருக்கிறதா என்று காணுங்கள். குஞ்சின் உணவு அங்கேதான் இருக்கிறது.