கிச்சனை மாத்தும்போது அம்மாவோட பழைய கிரைண்டரைத் தூக்கிப் போடலாமா? ஒரு சிஏ போட்ட கணக்கு

ஈரோட்டுல எங்க வீட்டு கிச்சனை இடிச்சு மாத்தலாம்னு போன வருஷம் முடிவெடுத்தோம். 1989ல கட்டின வீடு. கடப்பா கல் மேடை, சிமென்ட் ஷெல்ஃப், எண்ணெய்ப் புகை ஏறி மஞ்சளான சுவர். மாடுலர் கிச்சன் போடுற கான்ட்ராக்டர் வந்து அளவெடுத்துட்டுப் போய் மறுநாளே கோட்டேஷன் அனுப்பினார். மொத்தம் 4,46,000 ரூபாய். அதுல மரவேலை, கிரானைட், பிளம்பிங் எல்லாம் சேர்த்து 3,20,000. மீதி 1,26,000 "அப்ளையன்ஸ் பேக்கேஜ்".

பேக்கேஜ்ல என்ன இருந்துச்சுன்னா, டபுள் டோர் ஃப்ரிட்ஜ் 42,000, பில்ட்-இன் அவன் 38,000, ஹாப் 18,000, சிம்னி 16,000, டேபிள் டாப் கிரைண்டர் 6,500, மிக்ஸி 5,500. "பழசையெல்லாம் எடுத்துட்டாதாங்க கிச்சனுக்கு ஒரு லுக் வரும்"னு சொன்னார்.

உண்மையைச் சொல்றேன், நானும் சரின்னு சொல்ற நிலைமையிலதான் இருந்தேன். போன்ல ஏற்கெனவே பேங்க் மெசேஜ் இருந்துச்சு, 13 சதவீத வட்டியில பர்சனல் லோன் ரெடின்னு. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்றவ, சொந்த வீட்டு கிச்சன்னு வந்ததும் கால்குலேட்டரையே எடுக்கலை. அந்த 1,26,000-ஐ மட்டும் 3 வருஷத்துக்கு லோன் போட்டா மாச தவணை சுமார் 4,245. வட்டியா மட்டும் கிட்டத்தட்ட 26,800 போகும். இது லோனை எடுக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் போட்டுப் பார்த்த கணக்கு.

அப்புறம் அம்மா. "ஏங் கண்ணு, நல்லா ஓடுற கிரைண்டரை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க. சீட்டு எடுத்த காசுல அவங்களே கோயம்புத்தூர் போய் வாங்கிட்டு வந்தது அது. சென்டிமென்ட்டுக்காக மட்டும் வெச்சுக்கறதா இருந்தா அதுக்கு ஒரு பதில். நிஜமாவே கணக்குல வருதான்னு பார்த்தா அது வேற பதில். ரெண்டாவதைத்தான் நான் செஞ்சேன்.

700 ரூபாய்க்கு ஒரு பிளக்-இன் எனர்ஜி மீட்டர் கிடைக்குது. சுவர் பாயின்ட்டுக்கும் சாமானுக்கும் நடுவுல சொருகினா எத்தனை யூனிட் இழுக்குதுன்னு காட்டும். கிச்சன்ல இருந்த எல்லாத்தையும் அதுல ஓட்டிப் பார்த்தோம்.

முதல்ல மிக்ஸி. எங்க வீட்டுல இருக்கறது சுமீத். எஸ்.பி. மாத்தூர்னு ஒரு இன்ஜினியர், வீட்டுல இருந்த வெளிநாட்டு மிக்ஸி நம்ம ஊர் அரவைக்குத் தாங்காம போனதால, தானே வலுவான மோட்டார் வெச்சு உருவாக்கின மிக்ஸி இது. 600 வாட்ஸ். ஒரு நாளைக்கு சட்னி, மசாலா எல்லாம் சேர்த்து 10 நிமிஷம் ஓடினா 0.1 யூனிட். வருஷத்துக்கே 36 யூனிட்தான். புது மிக்ஸி வாங்கினாலும் அரைக்கற வேலை அதேதான், கரன்ட்ல மிச்சம்னு சொல்ல ஒண்ணுமில்லை. கப்ளரும் கார்பன் பிரஷ்ஷும் மாத்தினோம். 280 ரூபாய்.

அடுத்து கிரைண்டர். 40 நிமிஷம் மாவு ஆட்டினா 0.27 யூனிட் காட்டிச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு 28 யூனிட். யூனிட்டுக்கு 8.55 ரூபாய்னு அதிகபட்சமா வெச்சாலும் 240 ரூபாய். புது டேபிள் டாப் கிரைண்டர் அதுல பாதிதான் இழுக்கும்னு வெச்சுக்குவோம், வருஷத்துக்கு 120 ரூபாய் மிச்சம். 6,500 ரூபாயை 120 ரூபாயா எடுக்க 54 வருஷம் ஆகும். (அந்த 6,500-லயும் கிட்டத்தட்ட 990 ரூபாய் ஜிஎஸ்டி. வெட் கிரைண்டருக்கு 5 சதவீதமா இருந்த வரியை 2022 ஜூலை 18-லிருந்து 18 ஆக்கிட்டாங்க.)

ஃப்ரிட்ஜ்தான் கதையே மாறின இடம்.

சிங்கிள் டோர், இருபது வருஷத்துக்கு மேல ஆனது. "நல்லாத்தானே கூலிங் ஆகுது"ன்னு அப்பா சொல்லிட்டே இருப்பார். முந்தின வருஷம்தான் 3,800 ரூபாய் குடுத்து கேஸ் ஏத்தியிருந்தார். மீட்டர்ல 24 மணி நேரத்துக்கு 2.2 யூனிட் காட்டிச்சு. ரெண்டு மாச பில்லுக்கு 132 யூனிட். கதவு ரப்பர் தளர்ந்து, கம்ப்ரசர் நிக்கவே நிக்காம ஓடிட்டிருந்திருக்கு. அதே கொள்ளளவுல புது ஃப்ரிட்ஜ் வந்தப்புறம் அளந்தா ஒரு நாளைக்கு 0.6 யூனிட், பில்லுக்கு 36. வித்தியாசம் 96 யூனிட்.

இந்த 96 யூனிட்டோட விலை எவ்வளவுங்கறது உங்க பில் எந்த இடத்துல நிக்குதுங்கறதைப் பொறுத்தது. தமிழ்நாட்டு மின்கட்டணம் படிப்படியா ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 201-லிருந்து 400 வரை யூனிட்டுக்கு 4.80, 401-500க்கு 6.45, 501-600க்கு 8.55, 601-800க்கு 9.65. இதுல பலபேர் கவனிக்காதது ஒண்ணு இருக்கு. மொத்தம் 500-க்குள்ள இருந்தா 101-லிருந்து 200 வரைக்கும் ஏறத்தாழ பாதி விலைதான். 501 ஆனா அந்தச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் முழு 4.80 கட்டணும். ஒரே ஒரு யூனிட் தாண்டினதுக்கு இரு நூத்துச் சொச்சம் ரூபாய் எகிறும்.

எங்க வீட்டுல வெயில் காலத்துல ஏசி ஓடுறதால பில் 570 யூனிட் பக்கம் வரும். 96 குறைஞ்சா 474. மேல இருக்கற 70 யூனிட் 8.55 விலையில போகுது, அடுத்த 26 யூனிட் 6.45 விலையில போகுது, 101-200 சலுகையும் திரும்பக் கிடைக்குது. ஆகமொத்தம் ஒரு பில்லுக்கு சுமார் 1,000 ரூபாய் மிச்சம். மத்த மாசங்கள்ல 430 யூனிட் அளவுல இருக்கும், அப்போ 510 ரூபாய் அளவுக்கு மிச்சம். வருஷத்துல மூணு பில் அப்படி, மூணு பில் இப்படின்னு போட்டா 4,500 ரூபாய். நீங்க ஃப்ரிட்ஜ் வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்க கடைசி ஆறு பில்லை எடுத்து வெச்சுக்கிட்டு இதே மாதிரி மேல் படியிலிருந்து கழிச்சுப் பாருங்க. சராசரி விலையால பெருக்கினா தப்பான விடைதான் வரும்.

ஷோரூம்ல விலை 19,900. பழசைக் குடுத்தா 2,000 எக்ஸ்சேஞ்ச், 17,900-னு சொன்னாங்க. "பழசு குடுக்கலைன்னா கடைசி விலை என்னங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிட்டு 18,400-னு வந்தாங்க. ஆக எங்க பழைய ஃப்ரிட்ஜுக்கு அவங்க குடுத்த நிஜ விலை 500 ரூபாய். இந்த ஒரு கேள்வியை எந்த எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்கும் கேளுங்க. காயலான் கடையில 1,400 தரேன்னாங்க, ஆனா அங்க பைப்பை வெட்டி கேஸை அப்படியே காத்துல விட்டுட்டுதான் காப்பரை எடுப்பாங்க. பதிவு பெற்ற இ-கழிவு மறுசுழற்சி நிறுவனம் ஒண்ணு வந்து எடுத்துக்கிட்டு 900 குடுத்துச்சு. நிகர செலவு 17,500. நாலு வருஷத்துக்குள்ள கரன்ட் பில்லே அதைத் திருப்பிக் குடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. "பின்கட்டுல வெச்சுக்கலாம், தண்ணி பாட்டில் வெக்க ஆகும்"னு அப்பா ரெண்டு நாள் பிடிவாதம் பிடிச்சார். வெச்சிருந்தா 132 யூனிட்டோட புதுசோட 36-ம் சேர்ந்து பில் ஏறியிருக்கும். ஃப்ரிட்ஜ் மாத்தியும் பில் குறையலைன்னு சொல்ற வீட்டுல பெரும்பாலும் பழசு பின்னாடி ஓடிட்டுதான் இருக்கும்.

இதுவரைக்கும் பண விஷயம். கிரைண்டர்ல பணத்தைத் தாண்டி ஒரு விஷயம் இருந்துச்சு, அது ரீமாடலிங் நடுவுலதான் எனக்குத் தெரிஞ்சது.

அம்மா கிரைண்டர் ஓடும்போது எப்பவும் ஒரு மரப்பலகையைப் போட்டு அதுமேல ஏறித்தான் நிப்பாங்க. தரை சில்லுன்னு இருக்கறதால இருக்கும்னு நான் சின்ன வயசிலிருந்து நினைச்சிட்டிருந்தேன். புது வயரிங்ல ஆர்சிசிபி போட்டு கிரைண்டரை ஓட்டினதும் டப்புன்னு ட்ரிப் ஆச்சு. திரும்பப் போட்டா திரும்ப ட்ரிப். அப்போதான் அம்மா சாதாரணமா சொன்னாங்க, "அது அப்பப்போ சுர்ருன்னு இழுக்கும் கண்ணு, அதான் பலகை."

எத்தனை வருஷமா! ஈரக் கையோட!

எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு யோசனை சொன்னார். "அக்கா, பழைய சாமான்னா இப்படித்தாங்க ட்ரிப் ஆயிட்டே இருக்கும். கிரைண்டர் பாயின்ட்டை மட்டும் ஆர்சிசிபிக்கு வெளிய எடுத்துக் குடுத்துடறேன்." தயவுசெஞ்சு இதுக்கு ஒத்துக்காதீங்க. ஃபேஸ்ல போற கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரன்ட்டும் சமமா இருக்கான்னு ஆர்சிசிபி பார்த்துக்கிட்டே இருக்கும். வீட்டுல போடுறது பொதுவா 30 மில்லி ஆம்பியர். அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தா, கரன்ட் வேற எங்கேயோ, ஒருவேளை ஒரு ஆளோட உடம்பு வழியா, போகுதுன்னு எடுத்துக்கிட்டு கட் பண்ணிடும். சாதாரண எம்சிபி இதைக் கவனிக்காது, அதோட வேலை ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும்தான். எங்க வீட்டுல ட்ரிப் ஆனது கோளாறே கிடையாது, கிரைண்டர் பாடியில கரன்ட் கசியுதுன்னு அது சொன்ன தகவல்.

காயில் கட்டுற கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். மோட்டார் காயில்ல இன்சுலேஷன் போயிருந்துச்சு, பிளக்ல எர்த் வயரே மாட்டாம சும்மா மடிச்சு விட்டிருந்தாங்க. காயில் கட்ட 1,900, பெல்ட் 150, புது வயரும் த்ரீ-பின் பிளக்கும் 350. மொத்தம் 2,400. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு, கொங்கு பக்கத்துல ஸ்பேருக்கும் காயிலுக்கும் அலையவே வேண்டியதில்லை. நீங்க இருக்கற ஊர்ல அப்படி இல்லைன்னா என் கணக்கு மாறும். காயில் கட்டினதுக்கு அப்புறமும் ட்ரிப் ஆகியிருந்தா, சென்டிமென்ட் பார்க்காம அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு எர்த் பிட், ஆர்சிசிபி ரெண்டுக்கும் 11,500 ஆச்சு. கான்ட்ராக்டரோட கோட்டேஷன்ல இந்த ரெண்டு வரியுமே இல்லை. 38,000-க்கு அவன் இருந்துச்சு.

அடுப்பு பழைய பித்தளை பர்னர் அடுப்புதான், சர்வீஸும் புது ஹோஸும் 900. சிம்னிக்குப் பதிலா எக்ஸாஸ்ட் ஃபேன் 2,200. எங்க கிச்சன்ல பெரிய ஜன்னல் இருக்கு, அடுக்குமாடி வீடுன்னா சிம்னி தேவைப்படலாம். எல்லாத்தையும் கூட்டினா 34,780. பேக்கேஜை விட 91,220 குறைவு, லோனும் எடுக்கலை.

இதெல்லாம் மரவேலைக்கு டிராயிங் போடுறதுக்கு முன்னாடியே முடிவாகணும். கிரைண்டர் நிக்கிற இரண்டரை அடிக்குக் கீழ கேபினெட் வேண்டாம்னு முதல்லயே சொன்னதால மரவேலையிலயும் சுமார் 11,000 குறைஞ்சது. பலகை அறுத்ததுக்கு அப்புறம் சொன்னா ஒரு ரூபாய் குறையாது.

இஎம்ஐ பத்தி சுருக்கமா. 18,000 ரூபாய் ஃப்ரிட்ஜை 6 மாச "நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்கினா, 16 சதவீத வட்டின்னு வெச்சா 812 ரூபாய் வட்டி வரும். அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 146 ரூபாய், உங்க கார்டுல வரும். பிராசஸிங் ஃபீஸ் தனி. நேரா பணம் குடுத்திருந்தா கிடைச்சிருக்கற விலைக் குறைப்பும் போச்சு.

வரி விஷயத்துல நிறையப் பேர் தடுக்கி விழற இடம் இது: வீடு அப்பா பேர்ல, லோன் உங்க பேர்ல. பழைய வரி முறையில, சொந்தக் குடியிருப்பைப் புதுப்பிக்க வாங்கின கடனோட வட்டிக்கு வருஷம் 30,000 வரை கழிவு உண்டு. ஆனா அதை வீட்டு உரிமையாளர்தான் எடுக்க முடியும். நீங்க ஓனர் இல்லைன்னா உங்களுக்குக் கிடையாது. புதிய வரி முறையில சொந்தக் குடியிருப்புக்கு யாருக்குமே கிடையாது. அதனால "லோன் போட்டா டாக்ஸ் மிச்சம்"னு யாராவது சொன்னா, முதல்ல பத்திரம் யார் பேர்லன்னு பாருங்க.

நாங்க என்ன செஞ்சோம்னா, நான் அப்பா அக்கவுன்ட்டுக்குப் பணம் போட்டேன். பிள்ளைகள் பெத்தவங்களுக்குக் குடுக்கற பணத்துக்கு அவங்க கையில வரி கிடையாது. மரவேலை, கிரானைட், வயரிங் பில் எல்லாம் அப்பா பேர்ல, பேங்க் வழியா. வீட்டோட நிரந்தரமா சேர்ந்த வேலைகள்ங்கறதால, நாளைக்கு வீட்டை வித்தா மூலதன ஆதாயக் கணக்குல மேம்பாட்டுச் செலவா காட்ட அந்த பில்கள் வேணும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி பில்லை அதுல சேர்க்க முடியாது. பழைய ஃப்ரிட்ஜை வித்த 900 ரூபாய்க்கும் வரிக் கவலை இல்லை, வீட்டு உபயோகச் சாமான் மூலதனச் சொத்து கணக்குலயே வராது.

பில்களை ஸ்கேன் பண்ணி மெயில்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுட்டேன். தெர்மல் பேப்பர் பில் ரெண்டு வருஷத்துல வெள்ளையாயிடும், அதை மட்டும் அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க. அடுத்த வீடியோல அந்த 3,20,000 மரவேலைக் கோட்டேஷனை வரி வரியா பிரிச்சுப் பார்க்கலாம், சதுர அடிக் கணக்குல எங்கெல்லாம் ரெண்டு தடவை பில் போட்டிருந்தாங்கன்னு காட்டறேன்.