அவரவர் வேகத்தில் படிப்பு: எப்போது பலன் தரும்?

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த குழந்தை பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்பு இரண்டு பாடம் தாண்டியிருக்கும். விட்டுப்போனதை மறுபடி நடத்த யாருக்கும் நேரமிருக்காது. அது தெரியாததால் அடுத்த பாடமும் புரியாது. பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒன்றைத் தேறிய பிறகே அடுத்ததைக் கொடுக்கும் முறை இப்படிப்பட்ட குழந்தைக்குத்தான் முதலில் கைகொடுக்கிறது.

தமிழ்நாடு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த மாநிலம். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக ஓர் அட்டை முறையை உருவாக்கியிருந்தார்கள். எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, அதை ஒட்டி 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பரவியது.

அந்த வகுப்பறையின் சுவரில் ஏணிப்படி அட்டவணை இருக்கும். குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அங்குள்ள சின்னமும் எண்ணும் கொண்ட அட்டையைத் தானே தேடி எடுத்து வந்து பாயில் உட்காரும். சில அட்டைகளை ஆசிரியரோடு படிக்க வேண்டும், சிலவற்றைச் சக மாணவரோடு, சிலவற்றைத் தனியாக. உட்கார்ந்தபடியே எழுதத் தாழ்வான கரும்பலகை உண்டு. வரைந்த படம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும். மதிப்பீடும் ஏணியில் ஒரு படிதான். தேர்வு என்ற பயமே எழாது. நாலு நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரும்.

கல்லூரி அளவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் 1968இல் எழுதி அறிமுகப்படுத்திய அலகு முறையைப் பற்றிய 75 ஆய்வுகள் 1979இல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. வழக்கமான விரிவுரை வகுப்பைவிட மதிப்பெண் கூடியிருந்தது. மாணவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வும் குறைந்திருந்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

ஆனால் கெல்லர் முறையில், ஒவ்வோர் அலகு முடிந்ததும் மாணவரை உட்கார வைத்துத் திருத்திச் சொல்ல ஓர் உதவியாளர் இருந்தார். அந்த ஆள் இல்லாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தொடங்கிவிடும். தொடக்கப் பள்ளியில் இன்னும் மோசம்: சுட்டியான பிள்ளை ஏணியில் ஏறிக்கொண்டே போகும், எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளை அதே அட்டையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் எட்டிப் பார்க்காத வகுப்பில் "அவரவர் வேகம்" என்பது பிள்ளையைக் கைவிடுவதற்கு ஒரு நல்ல பெயர், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கிறது. எந்தப் பிள்ளை ஒரே நிலையில் வாரக்கணக்கில் தேங்கி நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் இந்தப் பிரிவுக்குப் பொருள் உண்டு. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை அந்த இருவர்தான் பார்க்க வேண்டும். அட்டைகளைப் புதுப்பிக்கும் முன் அரசு மாற்ற வேண்டியது இந்தக் கணக்கை.