டிரைவர் டு ஓனர்: சொந்த லாரி வாங்கினால் லோடை நாமே தேர்ந்தெடுக்க முடியுமா? கணக்கு என்ன சொல்கிறது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலுக்கு வந்தவர்கள் பலரின் பாதை ஒன்றுதான். முதலில் கிளீனர், அப்புறம் டிரைவர், கடைசியில் ஓனர். 'சொந்த வண்டி இருந்தா நமக்குப் பிடிச்ச லோடை ஏத்தலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்' என்பதுதான் பல டிரைவர்களின் கனவு. ஆனால் லாரி கைக்கு வந்த அன்றே அந்தச் சுதந்திரமும் வந்துவிடுமா?

கம்பெனி டிரைவருக்கும் ஓனருக்கும் என்ன வித்தியாசம்?

கம்பெனி வண்டியில் என்ன லோடு, எந்த ஊர், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முதலாளியோ புக்கிங் ஆபீஸோ முடிவு செய்யும். டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவும் உண்டு. டயர் வெடித்தாலும், லோடு கிடைக்காமல் நான்கு நாள் நின்றாலும் நஷ்டம் முதலாளிக்குத்தான்.

தானே ஓட்டும் ஓனருக்கு எல்லாமே தலைகீழ். முடிவு அவருடையது, நஷ்டமும் அவருடையது. புரோக்கர் சொல்லும் வாடகை கட்டாது என்றால் 'வேண்டாம்' என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு விலை இருக்கிறது.

வண்டி நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு?

பழைய பத்து சக்கர லாரி ஒன்றை 10 லட்சம் ரூபாய் கடனில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஃபைனான்ஸில் '10 சதவீத வட்டி, 3 வருஷம்' என்கிறார்கள். இது ஃபிளாட் வட்டியாக இருந்தால் 3 லட்சம் வட்டி சேர்த்து மொத்தம் 13 லட்சம் கட்ட வேண்டும். மாத டியூ சுமார் 36,100 ரூபாய்.

அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால், இந்த '10 சதவீதம்' உண்மையில் சுமார் 18 சதவீத வட்டிக்குச் சமம். கையெழுத்துப் போடும் முன் 'ஃபிளாட்டா, குறையும் வட்டியா?' என்று கேட்பது அவசியம்.

இதோடு மற்ற செலவுகளையும் சேர்க்க வேண்டும். 20 முதல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயிக்கப்பட்ட தேர்ட் பார்ட்டி பிரீமியமே ஆண்டுக்கு 43,950 ரூபாய். நேஷனல் பெர்மிட்டுக்கான ஒருங்கிணைந்த கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய். டியூவுடன் இவற்றை மாதக் கணக்கில் கூட்டி 30-ஆல் வகுத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 1,370 ரூபாய் வருகிறது. டயர், சர்வீஸ், எஃப்சி செலவெல்லாம் தனி.

வண்டி நின்னாலும் டியூ நிக்காது என்பதன் கணக்கு இதுதான்.

ரிட்டர்ன் லோடுதான் லாபமா?

ஒரு மாதிரிக் கணக்கு. 1,000 கி.மீ. தூரத்துக்கு வாடகை 50,000 ரூபாய். லோடோடு லிட்டருக்கு 4 கி.மீ. மைலேஜ், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசலுக்கு 23,000. டோல் 5,000, கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 3,000, வழிச்செலவு 2,000. மொத்தம் 33,000 போக மிச்சம் 17,000 ரூபாய்.

இப்போது வண்டி எம்ப்டியாகத் திரும்பினால்? லிட்டருக்கு 5 கி.மீ. கிடைத்தாலும் டீசல் 18,400. டோல், வழிச்செலவு 6,000. மொத்தம் 24,400. கையில் இருந்த 17,000 போய், 7,400 ரூபாய் நஷ்டம்.

அதனால்தான் அனுபவமுள்ள ஓனர்கள் போகும் லோடின் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. இறக்கும் ஊரிலிருந்து திரும்ப என்ன கிடைக்கும் என்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாடகை அதிகம் என்று லோடே கிடைக்காத ஊருக்குப் போவதைவிட, கொஞ்சம் குறைந்தாலும் தொழிற்சாலை, மார்க்கெட், துறைமுகம் உள்ள ஊருக்குப் போவது லாபமாக இருக்கலாம்.

காத்திருப்பதிலும் இதே கணக்குதான். இன்று 20,000 ரூபாய்க்கு ரிட்டர்ன் லோடு இருக்கிறது, நான்கு நாள் பொறுத்தால் 26,000-க்குக் கிடைக்கும் என்றால், கூடுதலாக வருவது 6,000. நான்கு நாள் நிற்கும் செலவு மட்டும் 5,480. சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

சட்டப்படி எந்த லோடை எடுக்கக் கூடாது?

நேஷனல் பெர்மிட் இருந்தாலும் வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்க முடியாது. தமிழ்நாட்டு லாரி புனேயில் லோடை இறக்கிவிட்டு, அங்கிருந்து நாக்பூருக்கு லோடு எடுக்கக் கூடாது. இரண்டுமே மகாராஷ்டிராவில் இருப்பதால்தான். வேறு மாநிலத்துக்குப் போகும் லோடையே தேட வேண்டும்.

அடுத்தது ஓவர்லோடு. 2018-ல் பத்து சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வண்டியின் எடையும் இதற்குள் அடக்கம். இதை மீறினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். '2 டன் சேர்த்து ஏத்துங்க, பார்த்துக்கலாம்' என்று சொல்பவர் செக்போஸ்ட்டில் கூட இருக்க மாட்டார். இரண்டு டன் அதிகம் என்றால் அபராதம் 24,000 ரூபாய். மேலே பார்த்த டிரிப்பின் மொத்த மிச்சத்தையும் அது தாண்டிவிடும்.

50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் இ-வே பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். வழியில் வண்டி பழுதானால் காலாவதியாகும் முன்பே நீட்டிக்கச் சொல்ல வேண்டும்.

பாலன்ஸ் பணம் வராவிட்டால்?

வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸாகக் கிடைக்கும். மீதி, சரக்கு இறங்கி கையெழுத்தான ரசீது போய்ச் சேர்ந்த பிறகுதான். சின்ன ஓனர்கள் பலர் திணறுவது இங்கேதான். லோடு எடுக்கும் முன்பே வாடகை, அட்வான்ஸ், பாலன்ஸ் தேதி, இறக்கத் தாமதமானால் ஹால்டிங் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

உத்யம் பதிவு செய்துகொண்டால் சிறு நிறுவனங்களுக்கான சட்டப் பாதுகாப்பு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தராவிட்டால் புகார் அளிக்க வழி இருக்கிறது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் அதற்கான உறுதிமொழியையும் பான் எண்ணையும் கொடுத்தால், வாடகையில் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

பலரும் கவனிக்காத விஷயம் இது. கம்பெனி டிரைவர் வேலையின்போது விபத்தில் சிக்கினால், இழப்பீடு தருவது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. டிரைவரே ஓனராகிவிட்டால் அவருக்கு முதலாளி என்று யாரும் இல்லை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மற்றவர்களுக்குத்தான், ஓட்டும் ஓனருக்கு அல்ல.

அவருக்காக இருப்பது 15 லட்சம் ரூபாய்க்கான 'ஓனர் டிரைவர்' தனிநபர் விபத்துக் காப்பீடு. இது செல்லுபடியாக ஆர்சி அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வண்டியை வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமலே ஓட்டுபவர்களின் குடும்பத்துக்கு இந்தப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பழைய வண்டி வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 ஆண்டு, அதற்கு மேற்பட்ட ஆக்சில் உள்ள வண்டிக்கு 15 ஆண்டு.
* 8 வயதைத் தாண்டிய வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் எஃப்சி எடுக்க வேண்டும்.
* பழைய கடன் முடிந்ததற்கான ஃபைனான்ஸ் என்ஓசி, படிவம் 35, நிலுவையிலுள்ள இ-சலான், சாலை வரி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.
* வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்படியானால் எப்போது தேர்ந்தெடுக்க முடியும்?

5-ம் தேதி டியூ, கையில் பணம் இல்லை என்றால், புரோக்கர் சொல்லும் வாடகைக்கு வண்டியைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது பெயருக்குத்தான் ஓனர். மூன்று மாத டியூவும் ஒரு டிரிப்புக்கான செலவும் தனியாக இருந்தால்தான், கட்டாத லோடை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் நிற்க முடியும். மேலே சொன்ன கணக்கில் அது சுமார் 1.41 லட்சம் ரூபாய்.

எனவே கையில் இருக்கும் சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிப் பெரிய வண்டி எடுப்பதைவிட, கொஞ்சம் சின்ன கடனில் எடுத்து அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. சம்பளத்துக்கு ஓட்டும்போதே எந்த ஊரில் என்ன லோடு கிடைக்கிறது, யார் பாலன்ஸைச் சரியாகத் தருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.