நடுக்கடலில் நிற்கும் காவல்

2020 செப்டம்பர் 3. இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால், ‘நியூ டைமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு அது சுமந்து வந்தது சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய். ஊழியர்கள் 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆளில்லாத கப்பல் எரிந்துகொண்டே மிதந்தது.

இலங்கை உதவி கேட்டது. இந்தியக் கடலோரக் காவல்படையின் ‘சௌர்யா’, ‘சாரங்’ ரோந்துக் கப்பல்களும் ‘சமுத்ரா பஹரேதார்’ என்ற மாசுக்கட்டுப்பாட்டுக் கப்பலும் விரைந்தன. இலங்கைக் கடற்படையோடும் விமானப்படையோடும் சேர்ந்து அவை நாள்கணக்கில் நீரும் நுரையும் பீய்ச்சின. அணைந்த தீ மீண்டும் பற்றியது, மீண்டும் அணைத்தார்கள். தீ எண்ணெய்த் தொட்டிகளை எட்டவில்லை. சரக்கு எண்ணெய் கடலில் கலக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ சரக்குக் கப்பல் எரிந்தது. அப்போதும் நம் ரோந்துக் கப்பல்கள் போயின. ஆனால் அந்தக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி இன்றும் உலகம் பேசுகிறது. ‘நியூ டைமண்ட்’டை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தடுக்கப்பட்ட பேரழிவுக்குப் புகைப்படம் கிடையாது. அந்தப் புகைப்படம் எடுக்கப்படாமல் பார்த்துக்கொள்கிற கப்பல்களைப் பற்றி நாம் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

இடைப்பட்ட அளவு ஏன்?

கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையிலான கடல் வளம் இந்தியாவுக்கு உரியது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பரப்பைக் காக்க, கே.எஃப்.ருஸ்தம்ஜி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1977 பிப்ரவரி 1 அன்று கடலோரக் காவல்படை செயல்படத் தொடங்கியது. அப்போது இருந்தவை ஏழே கலங்கள். 2025 தொடக்கத்தில் கப்பல்களும் படகுகளுமாக 151.

இவற்றில் கரையோர விரைவுப் படகுகள் 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்) வேகத்தில் பறக்கும். ஆனால் 27 மீட்டர் நீளப் படகு பருவமழைக் காலத்து ஆழ்கடல் அலையில் பல நாள் தாக்குப்பிடிக்காது. மறுபக்கம், கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் எங்கும் போகும், எதையும் தாங்கும். ஏவுகணையும் நீர்மூழ்கி வேட்டைக் கருவிகளும் சுமக்கும் அவற்றின் விலை மிக அதிகம். நீலகிரி வகைப் போர்க்கப்பல்கள் ஏழுக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 45,000 கோடி ரூபாய். மீன்பிடிப் படகைத் தேடவும் கடத்தல் படகை மறிக்கவும் அத்தகைய கப்பலைத் தினந்தோறும் அனுப்புவது எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

இந்த இரண்டுக்கும் இடையில் வருவதுதான் ஆழ்கடல் ரோந்துக் கப்பல். படையினர் வாயில் ‘ஓ.பி.வி.’

காட்டுப்பள்ளியின் ஏழு கப்பல்கள்

எண்ணூருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு 2015-இல் ஏழு ரோந்துக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. மொத்த மதிப்பு 1,432 கோடி ரூபாய்; கப்பலுக்குச் சுமார் 200 கோடி. முதல் கப்பல் ‘விக்ரம்’ 2018 ஏப்ரலில் பணியில் சேர்ந்தது. ‘விஜயா’, ‘வீரா’, ‘வராஹா’, ‘வரத்’, ‘வஜ்ரா’ என்று தொடர்ந்த வரிசை 2021 ஆகஸ்ட்டில் ‘விக்ரஹா’வுடன் நிறைவடைந்தது.

ஒவ்வொன்றும் சுமார் 98 மீட்டர் நீளம், 2,100 டன்னுக்கும் மேற்பட்ட எடை. 9,100 கிலோவாட் திறனுள்ள இரண்டு டீசல் எஞ்சின்கள் 26 நாட் வரை வேகம் தரும். ஆனால் இந்தக் கப்பலின் உண்மையான பலம் வேறொரு எண்ணில் இருக்கிறது. சிக்கன வேகத்தில் ஓடினால் ஒரே எரிபொருள் நிரப்பலில் 5,000 கடல் மைல் போகும். ஏறக்குறைய இரண்டு வாரம் கரைக்குத் திரும்பாமல் ரோந்து சுற்றலாம். பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும். பக்கவாட்டில் இறக்கி ஏற்றும் விரைவுப் படகுகள், முகப்பில் பீரங்கி, தீயணைப்புக் கருவிகள், எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் சாதனங்கள். இத்தனையும் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள், மாலுமிகளின் கையில்.

இதற்கும் எல்லை உண்டு. நீருக்குக் கீழே மூன்றரை மீட்டருக்கும் மேல் அமிழும் இந்தக் கப்பலால் பாக் நீரிணையின் ஆழமற்ற பகுதிகளில் நினைத்தபடி திரிய முடியாது. அதனால்தான் மண்டபத்தில், ஆழமற்ற நீரிலும் ஓடும் ஹோவர்கிராஃப்டுகள் வைத்திருக்கிறார்கள்.

துரத்தினால் போதாது

1999 அக்டோபரில், அலுமினியப் பாளங்களோடு இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற கப்பலைக் கொள்ளையர்கள் கைப்பற்றினார்கள். ஊழியர்களைப் படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டு, கப்பலுக்கு ‘மெகா ராமா’ என்று பெயர் மாற்றி எழுதினார்கள். நவம்பரில் அது அரபிக்கடலில் தென்பட்டபோது துரத்தியது கடலோரக் காவல்படையின் ‘தாராபாய்’. 45 மீட்டர் நீளமுள்ள சிறு ரோந்துக் கப்பல் அது. எச்சரித்தும் சுட்டும் கொள்ளையர்கள் நிற்கவில்லை. கடற்படையின் ‘பிரஹார்’ வந்து சேர்ந்த பிறகே கப்பல் பிடிபட்டது. 15 பேர் கைதானார்கள்.

விடாமல் துரத்தியது தாராபாயின் பெருமை. நிறுத்த வலுவில்லாமல் போனது அந்த அளவின் குறை. இன்றைய ரோந்துக் கப்பல்கள் நிரப்புவது அந்த இடைவெளியைத்தான். சட்டத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்த கொள்ளையர்களை மும்பை உயர் நீதிமன்றம் 2005-இல் விடுவித்தது. கடல்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொள்ளையர்கள் ஒரு பக்கம். போதைப்பொருள் இன்னொரு பக்கம். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றில் ஐந்தரை டன்னுக்கும் அதிகமான மெத்தாம்பெட்டமைன் பிடிபட்டது. விமானம் கண்டு சொன்னது. கப்பல் போய்ப் பிடித்தது. கடல் காவல் எப்போதும் இப்படித்தான். வானிலிருந்து பார்க்கலாம், படகில் ஏறிச் சோதிக்க முடியாது. அதற்குக் கப்பல் அங்கே இருக்க வேண்டும்.

குளிர்காலம் வந்தால் வேறு வேலை. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளுக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் இழுவலைகளில் சிக்கிச் சாகாமல் காக்க, ‘ஆபரேஷன் ஒலிவியா’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ரோந்து நடக்கிறது.

ஒக்கி கேட்ட கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகும் 2017 நவம்பர் இறுதியைக் கடந்துபோக முடியாது. ஒக்கி புயல் வேகமாக உருவெடுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தின் தங்குகடல் படகுகள் ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. தேடுதல் தாமதமாகத் தொடங்கியது, போதிய தூரம் போகவில்லை என்று கடற்கரை ஊர்கள் கொதித்தன. ‘எங்களைக் கப்பலில் ஏற்றுங்கள், காற்று படகை எங்கே தள்ளியிருக்கும் என்று நாங்கள் காட்டுகிறோம்’ என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருந்தது.

எவ்வளவு நல்ல கப்பலும் எங்கே போவது என்று தெரியாவிட்டால் உதவாது. படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலி சில பத்துக் கடல் மைலுக்கு மேல் எட்டாது. இருநூறு கடல் மைலுக்கு அப்பால் கவிழும் படகின் குரல் யாருக்கும் கேட்காது. இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 364 கோடி ரூபாயில் வந்திருக்கிறது. இரண்டு ரோந்துக் கப்பல்களின் விலைகூட இல்லை அது. ஆனால் எல்லாக் கப்பல்களின் பயனையும் பெருக்கக்கூடியது.

2030-க்குள் 200 கலங்கள் என்பது காவல்படையின் இலக்கு. மும்பை மசகான் தளத்தில் அடுத்த தலைமுறை ரோந்துக் கப்பல்கள் ஆறுக்கு 2023 டிசம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது. வரவேற்கலாம். அதே அக்கறை கடைசிப் படகு வரை போக வேண்டும். ஒவ்வொரு தங்குகடல் படகிலும் அந்தக் கருவி வேலை செய்ய வேண்டும். எச்சரிக்கை தமிழில் வர வேண்டும். தேடுதலில் மீனவரின் கடலறிவுக்கு முறையான இடம் வேண்டும். ஆபத்தில் அழைக்க வேண்டிய 1554 என்ற எண் ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கப்பல் கட்டத் தெரிந்த நாட்டுக்கு இவை கடினமான காரியங்கள் அல்ல. மீனவரின் உயிரும் நாட்டின் எல்லையைப் போலவே காக்கப்பட வேண்டியது என்று முடிவெடுத்தால் போதும்.