ஜடேஜாவைக் கொடுத்துட்டாங்களே! சுவாமிமலையில் ஆறாத கோபம்

சுவாமிமலை டீக்கடையில் ஐ.பி.எல். பேச்சு வந்தால் இன்னும் ரகளைதான்!

2023 இறுதிப் போட்டி. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். சிக்சர், பவுண்டரி! கோப்பை சென்னைக்கு! பஞ்சலோக சிலை வார்க்கும் இந்த ஊரில் ரவீந்திர ஜடேஜாவுக்குச் சிலை வைக்காததுதான் குறை.

2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை அணி. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2010-ல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியை விட்டுப் போனபோது, அவர் பெயர் போட்ட பனியனையே கொளுத்தினார்கள். இங்கே கோபம் போனவர் மேல் இல்லை, அனுப்பியவர்கள் மேல்!

ஜடேஜா 2008-ல் ஐ.பி.எல்.லில் முதலில் ஆடியதே ராஜஸ்தானுக்குத்தான். பிறந்த வீட்டுக்குப் போனவரை என்னத்தைத் திட்டுறது? 12 சீசன் ஆடினவர் சேப்பாக்கத்தில் சொல்லிக்கொண்டு போக ஒரு ஆட்டம்கூட இல்லையே, அதுதான் மனசு ஆறலை.