ஒரே வெள்ளை... நாலு குணம்! ஆஸ்திரேலிய ஒயின் மேசையில் திராட்சைகள் சொல்லும் கதை

மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் பானத்தை யாராவது ரசித்துக் குடிப்பார்களா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் குடிப்பார்கள். பத்து வருடப் பழசான ரீஸ்லிங் ஒயினை முகர்ந்துவிட்டு, "லேசா மண்ணெண்ணெய் வருதே" என்று ஒருவர் சொன்னால், அங்கே அது பெரும்பாலும் பாராட்டு! அடுத்த கிண்ணத்தில் வெண்ணெய் மணக்கும். அதற்கடுத்ததில் பச்சைக் குடைமிளகாய். இதில் எதையும் யாரும் கொண்டுபோய்க் கலக்கவில்லை. திராட்சையும் ஈஸ்ட்டும் காலமும் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஆஸ்திரேலியாவில் ஒயின் ஆலைகளை ஒட்டி 'செல்லர் டோர்' என்ற சுவைக்கூடங்கள் உண்டு. நாலைந்து கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மடக்கு மட்டும் ஊற்றுவார்கள். நிறத்தைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், வாயில் உருட்ட வேண்டும். கடைசியில் துப்ப வேண்டும். ஆமாம், அதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். ஒரே நாளில் பல டஜன் ஒயின்களுக்கு மதிப்பெண் போடும் நடுவர்கள், எல்லாவற்றையும் விழுங்கினால் என்ன ஆவது?

எப்படி வந்தது திராட்சை?

ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சைக்கொடி சொந்தமில்லை. 1788-ல் ஆர்தர் ஃபிலிப் தலைமையில் சிட்னிக்கு வந்த முதல் பிரிட்டிஷ் கப்பல்கள்தான் கொடிகளைக் கொண்டுவந்தன. அந்த முயற்சி சரியாக வரவில்லை. பிறகு ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831-ல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் அலைந்து நூற்றுக்கணக்கான ரகங்களின் குச்சிகளைச் சேகரித்தார். அடுத்த வருடம் அவை சிட்னியில் ஊன்றப்பட்டன.

இன்று அங்கே பாட்டிலில் ஒரே ஒரு ரகத்தின் பெயரைப் போட வேண்டுமென்றால், உள்ளே இருப்பதில் குறைந்தது 85 சதவிகிதம் அந்த ரகமாக இருக்க வேண்டும். அதனால்தான் ரகத்தை வைத்து ஒப்பிடுவது எளிது. வெள்ளை ஒயினில் இன்னொரு வசதியும் உண்டு. பொதுவாக, சாறு நொதிப்பதற்கு முன்பே தோலை நீக்கிவிடுவார்கள். தோலின் துவர்ப்பு குறுக்கே வராததால், சாற்றின் குணம் தெளிவாகத் தெரியும்.

ரீஸ்லிங்: எலுமிச்சைக்காரர்

ஜெர்மனியைப் பூர்வீகமாகக் கொண்ட ரகம். கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளில் இனிப்பே இல்லாமல் இதைத் தயாரிக்கிறார்கள். இளசாக இருக்கும்போது எலுமிச்சை பிழிந்தாற்போல் நாக்கைச் சுண்டும். வயதானால் அந்த மண்ணெண்ணெய் வாசம் எட்டிப்பார்க்கும். காரணம், டி.டி.என் என்ற வேதிப்பொருள். பழத்திலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் உடைந்து அது உருவாகிறது. வெயில் அதிகம் பட்ட பழத்தில் அதற்கான மூலப்பொருளும் அதிகம்.

மென்மையான இந்த மணத்தைத் தக்கையில் வரும் பூஞ்சை வாடை கெடுத்துவிடும். பொறுத்துப் பார்த்த கிளேர் தயாரிப்பாளர்கள் பலர், 2000-ம் ஆண்டு அறுவடையில் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். 'மலிவான சரக்குக்குத்தானே இந்த மூடி?' என்ற பேச்சை அவர்களின் ரீஸ்லிங்தான் மாற்றியது.

செமியோன்: பொறுமைசாலி

சிட்னிக்கு வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் ஹண்டர் பள்ளத்தாக்கு. வெக்கையும் புழுக்கமும் கொண்ட இடம். அறுவடை நேரத்தில் மழையும் மிரட்டும். அதனால் செமியோனைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள். சர்க்கரை குறைவு என்பதால் ஆல்கஹாலும் 10, 11 சதவிகிதம்தான். புதிதாகக் குடித்தால், 'எலுமிச்சைத் தண்ணீருக்கா இவ்வளவு பேச்சு?' என்று தோன்றும். பத்து வருடம் கழித்து அதே பாட்டிலைத் திறந்தால் வறுத்த ரொட்டியும் தேனும் மணக்கும். ஓக் மரப் பீப்பாயையே பார்க்காத ஒயின் இது. ஆனாலும் பீப்பாயில் ஊறியது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு!

சார்டொனே: வெண்ணெய்க்காரர்

ஹண்டரில் ஒரு கதை சொல்வார்கள். 1960-களின் பிற்பகுதியில் மர்ரே டிரெல் என்ற தயாரிப்பாளர், பக்கத்துத் தோட்டத்து வேலியை இரவில் தாண்டி சார்டொனே குச்சிகளை எடுத்துவந்தாராம். 1971-ல் அவர் கொண்டுவந்த 'வாட் 47' சார்டொனே, இந்த ரகம் நாடெங்கும் பரவ வழி காட்டியது.

வெண்ணெய் மணம் எங்கிருந்து வருகிறது? பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நம் வீட்டுத் தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம்தான். அந்த மாற்றத்தின்போது வெண்ணெய் மணமுள்ள டைஅசிட்டைல் உண்டாகிறது. ஓக் பீப்பாய் வெனிலா மணத்தைச் சேர்க்கிறது. ஒரு காலத்தில் இரண்டும் தூக்கலாக இருந்தன. மக்களுக்குத் திகட்டியதும் தயாரிப்பாளர்கள் கையைக் குறைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் சார்டொனே இன்று உலக மேசைகளில் இடம்பிடித்திருக்கிறது.

சாவின்யோன் பிளாங்க்: துடுக்கானவர்

அறுத்த புல், பச்சைக் குடைமிளகாய், பேஷன் ஃப்ரூட். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே யார் என்று சொல்லிவிடும். அடிலெய்ட் ஹில்ஸ் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் நன்றாக வருகிறது. குடைமிளகாய் வாசத்துக்குக் காரணமான பைரசின் என்ற பொருள் நிஜமான குடைமிளகாயிலும் இருக்கிறது. இதைப் பெரும்பாலும் இளசாகவே குடிப்பார்கள். காத்திருந்தால் துடுக்கு போய்விடும்.

நாக்கு காப்பாற்றிய நாள்கள்

சுவைத்துப் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டும்தானா? 2019-20 கோடையில் காட்டுத்தீ பரவியபோது அதற்குப் பதில் கிடைத்தது. அடிலெய்ட் ஹில்ஸில் தோட்டங்களே எரிந்தன. ஹண்டரில் தீ தொடாத தோட்டங்களையும் புகை விடவில்லை.

புகையின் தொல்லை வினோதமானது. அதன் பொருள்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். பழத்தைத் தின்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நொதிக்கும்போது விடுபட்டு, சாம்பல் சுவை கொடுக்கும். சில சமயம் வாய்க்குள் எச்சில் பட்ட பிறகே வெளிவரும்! அதனால் தயாரிப்பாளர்கள் ஒரு வாளிப் பழத்தை மட்டும் முன்கூட்டியே பறித்து, நொதிக்க வைத்து, சுவைத்துப் பார்த்தார்கள். ஆய்வக அறிக்கையோடு அந்த ஒரு மடக்கும் சேர்ந்துதான் வருட உழைப்பின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. அந்த வருடம் ஒயினே வேண்டாம் என்று பழத்தைக் கொடியிலேயே விட்டவர்களும் உண்டு. கெட்ட சரக்குக்குத் தங்கள் பெயரைப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அளவும் முக்கியம்

13 சதவிகித ஒயின் 100 மில்லி என்றாலே 10 கிராம் ஆல்கஹால். 750 மில்லி பாட்டிலில் அப்படி ஏழரைக்கும் மேல். வாரத்துக்கு 10, ஒரு நாளில் 4 என்பதைத் தாண்டக் கூடாது என்கிறது ஆஸ்திரேலிய அரசின் வழிகாட்டுதல். 18 வயதுக்குக் குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

மூக்கைப் பழக்க ஒயின் தேவையும் இல்லை. எலுமிச்சைத் தோல், நறுக்கிய குடைமிளகாய், தேன், வெண்ணெய், வறுத்த ரொட்டி... ஐந்து டம்ளர்களில் போட்டு, வீட்டில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். தாத்தா ஜெயிக்கிறாரா, பேத்தி ஜெயிக்கிறாளா என்று பார்த்துவிடலாம்!