மெடல் வாங்கிய 'ராஜபாளையம்' போயிடுச்சா? போட்டோ மட்டும் போதாது... ஒரு நோட்டும் வேணும்!

ராஜபாளையம்:
பால் வெள்ளை உடம்பு. ரோஸ் கலர் மூக்கு. தேன் நிறத்தில் மின்னும் கண். ராஜபாளையம் நாய் என்றாலே நம்ம ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு நிமிரும். கண்காட்சியில் மெடல் வாங்கிய நாய் என்றால் கேட்கவே வேண்டாம். அது செத்துப்போனால் வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரிதான்.

படத்துக்கு மாலை போட்டாச்சு. கோப்பையை அலமாரியில் வெச்சாச்சு. அடுத்து வீட்டில் எழும் பேச்சு, "அதே ரத்தத்துல ஒரு குட்டி கிடைக்குமா?" என்பதுதான். அங்கேதான் கவனம் வேணும். ஏன்?

வேட்டை போச்சு... காவல் வந்தது

இந்த நாய் முதலில் மெடலுக்காக வளர்ந்தது இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்தது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் வந்தது. வேட்டை முடிந்தது. வீட்டுக்கும் தோப்புக்கும் காவல் நாயாக மாறியது. கூடவே கண்காட்சிப் பெருமையும் சேர்ந்தது. 2005 ஜனவரியில் தபால் துறை 4 இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று.

ரிங்குக்குள்ளே என்ன நடக்கும்?

கண்காட்சியில் நடுவர் நாயை ஓடவிட்டுப் பார்ப்பார். நடை, நெஞ்சு, கால், வால் எல்லாம் கவனிப்பார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வளர்ந்த நாய்க்கு 42 பல் இருக்கணும்.

ராஜபாளையத்துக்கு இது லேசான வேலை இல்லை. ஒரே எஜமானைச் சுற்றி வரும் ஜாதி இது. அந்நியன் கை பட்டாலே சிலிர்க்கும். குட்டியிலிருந்தே ஆள் பழக்கி, கை வைத்துப் பழக்கினால்தான் ரிங்கில் அமைதியாக நிற்கும். அதனால் ஒரு மெடலுக்குப் பின்னால் வீட்டாரின் பல மாத உழைப்பு இருக்கு. நாயை மறக்க முடியாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளைக்குள்ளே ஒரு வில்லங்கம்

ரிங்கில் நடுவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கு. அதுதான் காது!

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்கணும். அங்கே இருந்தால்தான் ஒலியை உணரும் செல்கள் பிழைக்கும். சுத்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அந்த நிறச் செல்கள் உள்காதில் இல்லாமல் போகுது. குட்டி பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடும். ராஜபாளையத்தில் இது தெரிந்த பிரச்சினை. நீலக்கண் குட்டி என்றால் இன்னும் சந்தேகப்படணும்.

நம்ம நாய்க்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ, இரண்டு காதுமோ கேட்கவில்லை.

கலர் திட்டோடு பிறந்த குட்டியைக் கழிப்பது இங்கே பழைய வழக்கம். வெள்ளையோடு வெள்ளை, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் கோளாறும் சேர்ந்தே வரும். "சாம்பியன் ரத்தம்" என்று அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் சாம்பியன் திரும்பி வராது.

கை தட்டினால் போதுமா?

குட்டிக்கு 5 வாரம் ஆனதும் பார்க்கலாம். தனியாகத் தூங்கும்போது பின்பக்கம் நின்று கை தட்டுங்க. காத்தும், தரை அதிர்வும் படக்கூடாது. அப்படியும் எழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்க.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க, காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் அலையைப் பதிவு செய்யும் 'பி.ஏ.இ.ஆர்.' சோதனை வேணும். இது எல்லா ஊரிலும் கிடையாது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

காது கேட்காத குட்டியைக் கொல்ல வேண்டியதில்லை. கை சைகை பழக்கினால் நல்லா வளரும். ரோட்டில் மட்டும் கயிறு இல்லாமல் விடக்கூடாது. இனப்பெருக்கத்துக்கும் விடக்கூடாது.

1,400 வருஷமா நிற்கும் நாய்

நாயை நினைவில் வைப்பது தமிழனுக்குப் புதுசு இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவகத்தி என்ற வீரன் சண்டையில் செத்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி இருக்காங்க. நாய் பேர் கோவிவன். 2 கள்ளர்களைக் கடித்து, காவலாக நின்றது என்று கல்லிலேயே எழுதி வெச்சிருக்காங்க.

நிறம் வெள்ளையா, கறுப்பா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பேரும், செய்த வேலையும்தான் இருக்கு.

நோட்டில் என்ன எழுதணும்?

நம்ம வீட்டு நாய்க்குக் கல் வேண்டாம். ஒரு நோட்டு போதும். பேர், பிறந்த தேதி, தாய் - தகப்பன் யார், எந்த நாயோடு எப்போ ஜோடி சேர்த்தது, எத்தனை குட்டி, அதில் காது கேட்காதது எத்தனை, என்ன நோய், எப்படிச் செத்தது... எல்லாம் எழுதுங்க. குறையை மறைக்காதீங்க. சென்னையில் உள்ள கென்னல் கிளப் ஆப் இந்தியா கொடுத்த பதிவுச் சான்றும், மைக்ரோசிப் நம்பரும் இருந்தால் அதோடு வையுங்க.

குட்டி கேட்டு வருகிறவருக்கு மெடலோடு அந்த நோட்டையும் காட்டுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் ஒரு குட்டி அந்த வம்சத்தில் ஓடினால், போன நாய்க்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு?